அச்சிட வேண்டாம் என்று நான் எழுதிய கடிதம்

சாங்கி விமான நிலையத்தில் என் பையைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி ஓர் இளம் சீனப் பெண். மேலே புடவைகள். அவற்றுக்குக் கீழே ஒரு காந்த நாடாச் சுருளும் தலையணை உயரத்துக்கு மடித்த கணினித் தாள் கட்டும். அதற்கும் கீழே, துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடிக் கிண்ணமும் அதன் வாலில் சிவப்பு ரப்பர் குமிழும். நாடாவைப் பற்றித்தான் கேட்பாள் என்று ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவள் நாடாவைத் தொடவே இல்லை. ரப்பர் குமிழை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இருந்தபடியே துண்டில் சுற்றி வைத்துவிட்டாள்.

"எத்தனை மாதம்?"

"எட்டு."

"என்னுடையவனுக்குப் பத்து" என்று சொல்லி, பையின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டாள்.

என் மகள் மீனு மெட்ராஸில் இருந்தாள். என் நாத்தனார் காமாட்சி அக்காவின் இடுப்பில். எட்டு நாளில் திரும்பிவிடுவேன் என்பது ஏற்பாடு. தினம் நான்கு தடவை பாலை எடுத்துவிட்டால் வற்றாது, திரும்பி வந்து மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

எதற்காக ஏறினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கணினி மொழியை உருவாக்கியிருந்தோம். வழக்கமான மொழிகளில் கணினிக்குக் கட்டளை இடுவார்கள்: இதைச் செய், பிறகு அதை அழி, அந்த இடத்தில் இதை வை. எங்கள் மொழியில் எதையும் அழிக்க முடியாது. பள்ளிக்கூடச் சமன்பாடு போல, இது இதற்குச் சமம் என்று மட்டுமே எழுதலாம். இன்னொரு குணமும் உண்டு. விடையை யாராவது கேட்கும் வரை அது எந்தக் கணக்கையும் போடாது. 'இதைப் பிறகு போட வேண்டும்' என்று தனக்குத்தானே ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதுதான் அதன் அழகு என்று நாங்கள் கருத்தரங்குகளில் பேசினோம்.

ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை, எந்தக் கப்பலில் எந்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை மணி என்று திட்டமிட அந்த மொழியை வாங்கியிருந்தது. அங்கே அது அடிக்கடி 'இடம் இல்லை' என்று ஒரே வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது என்று கடிதம் வந்தது. பிறகு டெலக்ஸ் வந்தது. பிறகு எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். கணினியின் நினைவகத்தில் சீட்டுகளுக்கு இடம் ஒதுக்கும் பகுதியை எழுதியவள் நான்தான், பிரசவ விடுப்புக்கு முந்தைய மாதங்களில்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், பூக்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துக் கொடுத்திருந்தார்கள். படியேறும்போதே மல்லிகை வாசனை. கீழே பூக்கட்டும் சரசு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "புள்ள பெத்தவ மாதிரி மூஞ்சி இருக்கு, தனியாவா வந்திருக்கே?" என்றார். வேலைக்கு வந்தேன் என்றேன். "இங்க எல்லாரும் வேலைக்கு வந்தவங்கதான்" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

திங்கட்கிழமை காலை பட்டறையின் கம்பெனி பஸ் ஆறே முக்காலுக்குக் கோயில் முனையில் வரும். நான் ஆறு நாற்பதுக்கு ரப்பர் குமிழோடு போராடிக்கொண்டிருந்தேன். இறங்கி ஓடியபோது பஸ்ஸின் பின்புறம்தான் தெரிந்தது. யாரோ சொன்ன வேறொரு பேருந்தில் ஏறினேன். புக்கிட் தீமா சாலையில் இறங்கி மாற வேண்டுமாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதுவா, அடுத்ததா என்று யோசித்து, யோசித்து முடிப்பதற்குள் சாலை போய்விட்டது.

கடைசியில் எல்லோரும் மூட்டை முடிச்சுகளோடு எழுந்தார்கள். உட்லண்ட்ஸ். எதிரே கடல் நடுவே பாலம். அந்தப் பக்கம் ஜொகூர், வேறு நாடு. எங்கள் ஊரில் தாம்பரத்துக்குப் பதில் செங்கல்பட்டில் இறங்குவோம். இங்கே நிறுத்தத்தைத் தவறவிட்டால் நாட்டின் எல்லையில் இறங்குகிறோம்.

அங்கேதான், திரும்பும் பேருந்துக்கு நின்றபோது, வரிசையில் ஒரு மலாய்ப் பெண்ணின் கைக்குழந்தை அழுதது. அழைத்தது என்னைத்தான் என்பது போல என் உடம்பு பதில் சொல்லிவிட்டது. ரவிக்கை நனைந்து, புடவை நனைந்து, கைப்பையால் மறைக்க முடியாத அளவுக்கு ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற சீனப் பாட்டியம்மா தன் கழுத்தில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து என் தோளில் போர்த்தினார். மலாயில் ஏதோ கேட்டார். பின்னால் நின்ற ஒரு தமிழ்க்காரர், கடலைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

"பிள்ளைக்கு எத்தனை மாசம்னு கேக்குறாங்கம்மா. அப்புறம்... பிள்ளை எங்கேன்னு கேக்குறாங்க."

"மெட்ராஸில்" என்றேன்.

தமிழ்க்காரர் அதைச் சொன்னதும் பாட்டியம்மா உச்சுக் கொட்டி ஒரு சொல் சொன்னார். அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்ட பிறகு, "ஒண்ணுமில்லம்மா. பாவம்னாங்க" என்றார். துண்டைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார் அந்த அம்மா.

பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மதியம். திட்டப் பிரிவில் ஸ்டெல்லா அக்கா காத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, பேச்சின் முடிவில் சிங்கப்பூர்க்காரர்களின் 'லா'. எங்கள் மொழியில் அந்தத் திட்டமிடும் நிரலை, சுருக்கமாகத் 'திட்டத்தை', எழுதியவர் அவர்தான். புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே கற்றுக்கொண்டவர்.

"நீங்கதான் டெவலப்பரா? கண்ணாடி போட்ட தாத்தா யாரோ வருவாருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் லா. காலையிலேர்ந்து எங்க இருந்தீங்க?"

"உட்லண்ட்ஸில்."

"ஐயோ! இன்னும் கொஞ்சம் போயிருந்தா ஜொகூர்ல சாப்பிட்டே வந்திருக்கலாமே" என்று சிரித்தவர், தோளில் கிடந்த துண்டைப் பார்த்ததும் நிறுத்தினார். மேலே எதுவும் கேட்காமல், பெண்கள் கழிவறை எங்கே, அதில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் என்று மட்டும் சொன்னார்.

கேன்டீனில் எனக்காக மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் வாங்கினார். நான் சைவம் என்றதும் கடைக்காரம்மா வாணலியிலிருந்து இறாலை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, இப்போது சைவம் என்பது போலத் தட்டை நீட்டினார். ஸ்டெல்லா அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எனக்கு ரொட்டியும் காப்பியும் வாங்கி வந்தார்.

செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கியது. ஸ்டெல்லா அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார். திட்டம் நின்றுபோன ஒவ்வொரு நாளும், எத்தனை மணிக்கு, அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதியிருந்தார். மழை பெய்ததைக்கூட எழுதியிருந்தார். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு ஒரு பக்கத்திலிருந்து தினமும்.

"இந்தப் பக்கத்துல என்ன ஆச்சு?" என்றேன்.

அவர் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். "இது வந்துச்சு."

என் கையெழுத்து. பெறுநர் ஸ்டெல்லா. 'அறிக்கையை ஒரு நாளில் பலமுறை அச்சிடுவதாகத் தெரிகிறது. அது தேவையற்றது, கணினியின் நேரமும் தாளும் வீணாகும். மாலையில் ஒருமுறை அச்சிட்டால் போதும்.' எழுதிய நாள் நினைவிருந்தது. மீனுவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டரிடம் போக ரிக்‌ஷா வாசலில் நின்றது. ஐந்து நிமிடத்தில் எழுதி உறையில் போட்டேன். 'தேவையற்றது' என்ற சொல்லுக்குக் கீழே யாரோ சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்.

"டான் சார் போட்டது. பிரிவுத் தலைவர்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "பேப்பரை வேஸ்ட் பண்ணேன்னு என்கிட்ட எழுதி வாங்கிட்டாரு. பிரிண்ட் பண்ணா அது நல்லா ஓடுது, ஏன்னு தெரியலன்னு சொன்னேன். 'இது மிஷினா, பூனைக் குட்டியா, தடவிக் குடுக்க?'ன்னார்."

"அச்சிடறதுக்கும் நினைவகத்துக்கும் சம்பந்தமே இல்லக்கா" என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அன்றும் புதன்கிழமையும் நான் எழுதிய பகுதியை வரிவரியாகப் பார்த்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போய் வருவேன். எடுத்த பாலைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன் குழாயைத் திறந்துவிடுவேன். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். மூன்றாம் நாள் மூடவில்லை.

புதன் மாலை தொலைபேசி நிலையத்திலிருந்து பேசினேன். எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. மாடி வீட்டுக்காரர் எண்ணுக்குப் பேசினால் என் கணவர் ரகு ஓடிவந்து எடுப்பார். "இன்னிக்குப் பாட்டில் புடிச்சுட்டா வசு! காமாட்சி அக்கா பாட்டுப் பாடியே குடிக்க வச்சுட்டா. நீ கவலையே படாதே." நல்ல செய்தி. நல்ல செய்திதான் என்று சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டே நடந்தேன். சிராங்கூன் சாலையில் தோசை வாசனை வந்தது. பாதி தோசையோடு எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஸ்டெல்லா அக்கா பிடிவாதமாகச் சொன்னார். "ஒரு தடவை நான் சொல்ற மாதிரி ஓட்டிப் பாப்போம். காலையிலேர்ந்து பிரிண்ட் பண்ணாம ஒண்ணு. அப்புறம் அதே டேட்டாவை வச்சு, நடுநடுவுல பிரிண்ட் பண்ணி ஒண்ணு."

அச்சிடாதது ஆயிரத்துச் சொச்சம் வேலைகளைத் தாண்டியதும் நின்றது. அச்சிட்டது கடைசி வரை ஓடியது. அவர் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

நான் கழிவறைக்குப் போனேன். கிண்ணத்தில் பால் விழுவதையும் இறுக்கம் தளர்வதையும் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அது புலப்பட்டது. பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் திட்டம் மொத்த மணிக்கணக்கில் அதைக் கூட்ட வேண்டும். எங்கள் மொழி கூட்டாது. 'பழைய மொத்தத்தோடு இதைப் பிறகு கூட்டு' என்று ஒரு சீட்டு எழுதும். அடுத்த வேலைக்கு அந்தச் சீட்டின் மேல் இன்னொரு சீட்டு. யாரும் மொத்தத்தைக் கேட்காவிட்டால், சீட்டுகள் மாலை வரை குவிந்து நினைவகத்தை அடைத்துவிடும். அறிக்கை அச்சிடும்போது மொத்தம் கேட்கப்படுகிறது, கணக்கு போடப்படுகிறது, சீட்டுகள் கிழிக்கப்படுகின்றன. மெட்ராஸில் எங்களுக்கு இது நேர்ந்ததே இல்லை. உருவாக்கியவர்கள் ஆயிற்றே, ஒவ்வோர் அடிக்கும் விடையை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம். பார்க்காமல் ஒரு நாள்கூட அதை ஓடவிட்டதில்லை.

ஸ்டெல்லா அக்கா கேட்டுவிட்டு, "எங்க ஃபோர்மேன் மாதிரி சொல்லுங்க. எந்த வேலை குடுத்தாலும் சீட்டு எழுதிப் பாக்கெட்ல வச்சுக்குவாரு. மேனேஜர் வந்து கேட்டாத்தான் கை அசையும். பாக்கெட் கிழியறதுதான் பாக்கி" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப நான் பிரிண்ட் பண்ணது சரிதான்" என்றார்.

"சரிதான்க்கா. என் கடிதம்தான் தப்பு."

வெள்ளிக்கிழமை அதை டான் சாரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன், என் கடிதத்தையும் சேர்த்து. ஸ்டெல்லாவிடம் எழுதி வாங்கியதைக் கோப்பிலிருந்து எடுத்துவிடக் கேட்டேன். அவர் கடுமையானவர் அல்ல. அதை எடுத்துக் கிழித்தார். பிறகு, "அச்சிட்டால்தான் ஓடும் என்றால் அது சரியாகிவிட்டதா?" என்றார். இல்லை என்றேன். சரிசெய்ய எத்தனை நாள்? மொழிக்குள்ளேயே ஒரு குறி சேர்க்க வேண்டும்; அந்தக் குறி போட்ட இடத்தில் அது சீட்டு எழுதாமல் அப்போதே கணக்கைப் போடும். ஒரு வாரம், கூட ஒன்றிரண்டு நாள். ஊரிலிருந்து செய்து அனுப்பலாமா? அனுப்பலாம், ஆனால் இங்கே உள்ள தரவு அங்கே இல்லை. "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றார். இயக்குநருக்கு டெலக்ஸ் கொடுத்தேன். அவரும் அதையே பதிலாக அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள்.

சனிக்கிழமை ஸ்டெல்லா அக்கா என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். "வசந்தா, நீங்க போங்க. நான் ரெண்டு மணிக்கு ஒரு தடவை பிரிண்ட் பண்ணிக்கிறேன். ஒண்ணும் ஆகாது லா. கப்பல் ஒண்ணும் முழுகாது. பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு."

"என் கடிதத்தால உங்ககிட்ட எழுதி வாங்கினாங்களேக்கா."

"அது நேத்தோட போச்சு. கிழிச்சுட்டாருல்ல?"

நான் தங்கினேன். ஒன்பது நாள். தவறு என்னுடையது, திருத்தாமல் போவது முறையல்ல என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் பாட்டில் பிடித்துவிட்டாள் என்று கேட்டிராவிட்டால் தங்கியிருப்பேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்களும் செவ்வாயும் நாற்காலியை விட்டு எழவில்லை. நான்கு தடவை எடுக்க வேண்டியது இரண்டானது. புதன்கிழமை காலை குளிரோடு கண் விழித்தேன். இடது பக்கம் கல்லாக, சிவந்து, தொட முடியாமல் இருந்தது. தண்ணீர் கேட்கப் படியிறங்கிய என்னைச் சரசு அக்கா பிடித்து உட்கார வைத்தார். கையை வைத்துப் பார்த்தார்.

"பால் கட்டிக்கிச்சு. ஊருக்குப் போக இன்னும் எத்தன நாளு?"

"ஆறு."

"தாங்காதுடி. டாக்டர்கிட்ட போனா மாத்திரை தருவாரு. நானா இருந்தா மல்லிப்பூ வச்சுக் கட்டுவேன், பாலு வத்திரும். ஆனா ஒண்ணு, வத்துனா வத்துனதுதான். அப்புறம் என்னை ஏசக் கூடாது. யோசிச்சுச் சொல்லு."

யோசிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அன்று யோசிக்க முடியவில்லை, உடம்பு நடுங்கியது. பட்டறையில் பாதி எழுதிய நிரல் இருந்தது. சரி என்று தலையை ஆட்டினேன்.

மாலை கட்ட வைத்திருந்த மல்லிகையில் இரண்டு கை அள்ளி, வெள்ளைத் துண்டில் பரப்பி, மார்போடு வைத்து இறுக்கிக் கட்டினார். அது உட்லண்ட்ஸில் அந்தப் பாட்டியம்மா கொடுத்த துண்டு. பூ சில்லென்று இருந்தது. மதியத்துக்குள் வாடிச் சூடாகிவிடும். சாயங்காலம் புதிதாக வைத்துக் கட்டுவார். எதிரே மாலை வாங்க வந்த ஒரு கல்யாண வீட்டுக்காரர், "மல்லி இருக்கா?" என்று கேட்டபோது, "இன்னிக்கு இல்ல, தீந்துபோச்சு" என்றார்.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் வலி இல்லை. நான்காம் நாள் பேருந்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. என் உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே ஜூரோங் வரை போனேன்.

குறி வேலை செய்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து மாலை வரை, ஒருமுறைகூட அச்சிடாமல், திட்டம் ஓடியது. டான் சார் கை குலுக்கினார். ஸ்டெல்லா அக்கா நோட்டில் 'நிற்கவில்லை' என்று எழுதிவிட்டு, மீனுவுக்கு ஒரு மஞ்சள் கவுன் கொடுத்தார். "ஒரு வயசுக்குச் சரியா இருக்கும். இப்ப தொளதொளன்னு இருக்கும், பரவால்ல."

மீனம்பாக்கத்தில் ரகு கையில் பொட்டலத்தோடு நின்றார். வாழையிலையைப் பிரித்தால் மல்லிகைச் சரம். வெளியூரிலிருந்து வரும் மனைவிக்குப் பூ வாங்கி வருவது அவர் வழக்கம். அதைத் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன். "என்ன, சிங்கப்பூர் போய் வந்ததும் பூ வைக்கிறதில்லையா?" என்று கேலி செய்தார். சிரித்தேன்.

காமாட்சி அக்காவின் இடுப்பிலிருந்து மீனு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்து வீட்டு மாமிக்குச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளை மடியில் கிடத்தினேன். இருக்காதா, ஒரு சொட்டாவது. வாயை வைத்தாள். இரண்டு முறை இழுத்தாள். விட்டுவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழக்கூட இல்லை. என் தாலிச் சங்கிலியைப் பிடித்து விளையாடத் தொடங்கினாள். வெளியே காமாட்சி அக்கா பாட்டிலை ஆட்டும் சத்தம் கேட்டது. கதவுப் பக்கம் திரும்பினாள்.

பிறகு டாக்டரம்மாவிடம் போனபோது, அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பாலை எடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம், நிறுத்தியிருக்க வேண்டாம் என்றார். சரசு அக்காவை ஏசவில்லை. அவர் முன்பே சொல்லிவிட்டார்.

மஞ்சள் கவுன் மீனுவுக்குச் சரியான அளவாக வந்த சமயத்தில் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புது ஆள் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் மொழியை நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் போட்ட குறி அருமையாக வேலை செய்கிறது. அதன் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: 'ஆனாலும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை பிரிண்ட் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம். டான் சாரே வந்து கேக்குறாரு, பிரிண்ட் பண்ணீங்களான்னு. எல்லாருக்கும் பழகிப்போச்சு. பண்ணாம விட்டா மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு. தப்பில்லையே?'

அதைப் பலநாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காமாட்சி அக்கா மீனுவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்து பதில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் அல்ல. மூன்று தாளைக் கிழித்த பிறகு.

'அன்புள்ள ஸ்டெல்லா அக்காவுக்கு, தாராளமாக அச்சிடுங்கள்.'